காலி காட்டுதல்

தண்ணீர் தீப்பிடிக்காது என்பது டேங்கர்காரருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும், பிக்கப் வண்டியின் பின்பக்கம் தண்ணீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வந்து, தாங்கள் குடியிருக்கும் கேரவனுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், முதல் வேலையாக ஒரு செப்புக் கம்பியை வண்டியின் இரும்பில் மாட்டி மறுமுனையை மண்ணில் செருகிவிடுவார். அடுத்து சக்கரங்களுக்கு முன்னாலும் பின்னாலும் கட்டை. அடுத்து ஒரு வாளி மணல், கைக்கெட்டும் தூரத்தில். மனைவி கையில் கைபேசி இருந்தால் அதையும் வாங்கி எட்ட இருக்கிற மதில்மேல் வைத்துவிட்டு வருவார். இத்தனையும் முடிந்த பிறகுதான் ஹோஸைத் தொடுவார்.

"வெறும் தண்ணிதானங்க" என்று ஆரம்பத்தில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள் அவர் மனைவி. தண்ணியா இருந்தா என்ன, லோடு லோடுதான் என்றார் அவர். வேலை பார்த்த காலம் முழுக்கப் பெட்ரோல் டேங்கர் ஓட்டிய மனுஷன், ஒரு சொட்டு சிந்தியதாகப் பேர் வாங்காதவர். சாமி கும்பிடுகிறவரை ஏன் கும்பிடுகிறாய் என்று கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஆனால் ஒரு சடங்கில் அவளும் சேர வேண்டியிருந்தது. அதற்குக் காலி காட்டுதல் என்று பெயர். பெட்ரோல் பங்க்கில் லோடு இறக்கி முடித்ததும் டிரைவர் டேங்கரின் அடி வால்வைத் திறந்து, கீழே ஒரு வாளியைப் பிடிப்பான். பங்க் மேனேஜர் குனிந்து பார்த்து, சொட்டு நின்றதும் 'சரி' என்பார். அந்த 'சரி' காதில் விழாமல் எந்த டிரைவரும் வால்வை மூட மாட்டான். மூடினால் உள்ளே மிச்சம் ஒளித்து வைத்திருக்கிறான் என்று பேச்சு வந்துவிடும். கேரவனுக்குத் தண்ணீர் ஏற்றுவதற்கு முன்னால் டேங்கர்காரர் இதையேதான் செய்தார். பழைய மிச்சத்தின்மேல் புது லோடு இறக்கக் கூடாதாம். கேரவன் வயிற்றுக்கடியில், அந்தப் பக்கமாக, விரல் நீளத்தில் ஒரு வால்வு உண்டு. அதைத் திறந்து வாளியைப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிடுவார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்து 'சரி' என்பாள். அவர் மூடுவார். வாளியில் விழுந்தது துணி அலசப் போகும். அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. முழங்கால்தான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கும் ஒரு தொழில் இருந்தது. கம்பெனி குடியிருப்பில் அவள்தான் எல்லோருக்கும் தையல்காரம்மா. தண்ணீர்ப் பைக்கு வெயில் படாமல் தார்ப்பாயில் ஒரு உறை தைத்துப் போட்டதும் அவள்தான். பை வாங்கிய அன்று அதன் ஒட்டுகளை நகத்தால் கீறிப் பார்த்து, "ரெண்டு வருஷம் தாங்கும், மூணாவது வருஷம் உங்க மானத்தை வாங்கும்" என்று சொல்லியிருந்தாள்.

கேரவன் நின்றது, மூடிக் கிடக்கும் ஒரு ஐஸ் பாக்டரியின் பின்முற்றத்தில். ஊருக்கெல்லாம் தண்ணீரை உறைய வைத்து விற்ற இடம். இப்போது அங்கே வாய் கொப்பளிக்கக்கூடக் குழாய் கிடையாது. இணைப்பைத் துண்டித்து வருஷமாகிறது. ஆள் நடமாட்டம் இருந்தால் இரும்பு திருடு போகாது என்று சொந்தக்காரர் இவர்களை நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார். முற்றம் முழுக்க ஜல்லி. மின்சாரத்துக்குக் கூரைமேல் இரண்டு சூரியத் தகடு. தண்ணீருக்கு, பெரிய சாலையில் இருக்கும் பெட்ரோல் பங்க். எத்தனையோ வருஷம் அங்கே லோடு இறக்கிய பழக்கத்தில், காலையில் கூட்டம் சேருவதற்கு முன் வந்து பிடித்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இரண்டு நாளைக்கு ஒரு லோடு. இருவருக்கு அது தாராளம். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு தட்டைக் கழுவி, அதே தண்ணீரில் கரண்டியையும் முக்கி எடுக்கிற கலை தையல்காரம்மாவுக்குக் கைவந்திருந்தது.

இந்த வயதில் இவர்களுக்கு ஏன் இந்தக் கூத்து என்று கேட்காதவர்கள் இல்லை. பணி முடிந்ததும் குடியிருப்பு வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மகனும் மகளும் உட்கார்ந்து பேசி, நல்ல மனசோடுதான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இருவரும் இருப்பது இரண்டு வெவ்வேறு ஊரில். இருவர் வீடும் சின்னது. ஆகவே அப்பா மகன் வீட்டில், அம்மா மகள் வீட்டில். மகள் அம்மாவுக்கென்று ஒரு கட்டில்கூட வாங்கி, குழந்தையின் அறையில் ஜன்னலோரமாகப் போட்டு, படம் எடுத்து அனுப்பினாள். தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் தான் படும் பாட்டையும் அவள் மறைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் பிள்ளைகள் தங்கம் என்றார்கள்.

தையல்காரம்மா அந்தக் கட்டில் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கட்டில். டேங்கர்காரர் எட்டிப் பார்த்தார். மறுவாரம் எங்கோ போய், யாரோ விற்ற பழைய கேரவனை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றார். வாசலில் நின்று, "பிடிச்சிருக்கா பாரு" என்று மட்டும் கேட்டார். அவள் உள்ளே ஏறிப் போய்ப் பார்த்தது அடுப்பையும் இல்லை, அலமாரியையும் இல்லை. கட்டில் இரண்டு பேர் படுக்கிற கட்டில்தானா என்று பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று சொன்னாள்.

அன்று முதல் மகள் தொலைபேசியில் விடாமல் பிடுங்கி எடுத்தாள். அவள் பார்ப்பது ஹோட்டல் சமையலறைகளைச் சோதிக்கிற உத்தியோகம். எந்த ஹோட்டல் வாசலில் அவள் வண்டி நின்றாலும் உள்ளே ஒருத்தன் ஓடிப்போய்த் தரையைத் துடைப்பான். தண்ணீர்த் தொட்டி எங்கே, மூடி இருக்கிறதா, எப்போது கழுவியது என்று அவள் கேட்கிற கேள்விகளையெல்லாம் இப்போது பெற்றவர்களிடமும் கேட்க ஆரம்பித்தாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம் போட்டாள். வந்து இரண்டு ராத்திரி தங்கிப் பார்ப்பாள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் இனி வாயே திறக்க மாட்டாள். தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்று ஒரு தடவை பார்த்துவிட்டாலும், அம்மா அவளோடு கிளம்பிவிட வேண்டும், அப்பாவை அண்ணன் வந்து கூட்டிப்போவான். டேங்கர்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ஆகட்டும் என்று சொன்னார்.

மகள் வந்தது சாயங்காலம். ரயில் புழுதியோடு வந்தவள் நேராகக் குளிக்கப் போனாள். கேரவனில் குளியலறை என்பது ஒரு அலமாரி அளவு. அதற்குள் நின்றுகொண்டு அவள் குழாயைத் திறந்துவிட்டு, தன் வீட்டில் நிற்பதைப் போல நிம்மதியாகக் குளித்தாள். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் நாலு சின்ன விளக்குகள் உண்டு. தையல்காரம்மா தேநீர் போடுகிற சாக்கில் அவற்றின் முன்னாலேயே நின்றாள். நாலு மூன்றாயிற்று. மூன்று இரண்டாயிற்று. உள்ளேயிருந்து மகள் ஏதோ பாட்டு முனகினாள். குளியலை நிறுத்தச் சொன்னால் ஒப்பந்தம் அப்போதே முடிந்தது. இவள் வாயை மூடிக்கொண்டு சர்க்கரையைக் கலக்கினாள். கதவு திறந்து மகள் வெளியே வந்தபோது ஒரே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பரவால்லம்மா, தண்ணி நல்லாத்தான் வருது" என்றாள் மகள், தலையைத் துவட்டிக்கொண்டே. டேங்கர்காரருக்கு முகமெல்லாம் பல்.

மறுநாள் விடிந்ததும் அவர் பங்க்குக்குப் போய்விட்டார். மகள் எழுந்து பல் துலக்கும்போதே பை நிறைய லோடோடு திரும்பியும் வந்துவிட்டார். கம்பி, கட்டை, மணல் வாளி எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. கேரவனின் அந்தப் பக்கம் போய், அடியில் கைவிட்டு வால்வைத் திறந்து, வாளியைப் பிடித்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். இதோ வருகிறேன் என்று அவளும் குரல் கொடுத்துவிட்டு எழுந்தாள். அந்த நேரம் பார்த்து மகள் கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் பேத்தி.

பேத்திக்கு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. விழுந்த இடத்தைக் காட்டினாள். விழுந்த பல்லைக் காட்டினாள். பிறகு பொம்மை ஒன்றின் கிழிந்த சட்டையைக் காட்டி, நீ எப்போது வந்து தைத்துத் தருவாய் என்று கேட்டாள். தையல்காரம்மா உட்கார்ந்துவிட்டாள். கை தைக்கிற வாக்கில் தானாக அசைந்தது.

வெளியே டேங்கர்காரர் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். சொட்டு நின்றுவிட்டது. 'சரி' சொல்ல ஆள் இல்லை. எழுந்து, வாளித் தண்ணீரை ஊறப்போட்ட துணியில் ஊற்றிவிட்டு, இந்தப் பக்கம் சுற்றி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மனைவி கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த மாதிரி அவள் சிரித்து அவர் பார்த்து நாளாகியிருந்தது. கூப்பிட மனசு வரவில்லை. ஜன்னலோரக் கட்டிலின் படம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அங்கேயே நின்றுகொண்டிருந்தவர், வந்த வேலையைப் பார்ப்போம் என்று திரும்பி, ஹோஸைக் கேரவன் டேங்கின் வாயில் செருகி, பம்ப்பை ஓடவிட்டார்.

தையல்காரம்மா பேசி முடித்து வெளியே வந்தபோது பை சப்பையாகிக் கிடந்தது. அவர் அதைப் பாய் மாதிரிச் சுருட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக லோடு இறக்கியானதும் ஜல்லியில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் காக்கை குருவி இருக்காது. பம்ப் சத்தத்துக்குப் பறந்துவிடும். இன்று கேரவனுக்கு அந்தப் பக்கம் ஒரே குருவிச் சத்தம். என்னவென்று சுற்றிப் போய்ப் பார்த்தாள். வயிற்றுக்கடியில் ஜல்லிக்குள் ஒரு குளமே தேங்கி நின்றது. குருவிகள் ஒரு கூட்டமாக இறங்கி, இறக்கையை அடித்து அடித்துக் குளித்துக்கொண்டிருந்தன. வால்விலிருந்து தண்ணீர் கம்பி போல இறங்கிக்கொண்டிருந்தது.

முழங்காலை மறந்து படுத்து, கையை நீட்டி மூடினாள். சேலை முழுக்க நனைந்தது. எழுந்து வந்து கணவர் முன்னால் நின்றாள். ஈரச் சேலையைப் பார்த்தார், அவள் வந்த திசையைப் பார்த்தார், விஷயம் விளங்கிவிட்டது. சுருட்டிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே ஜல்லியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு சொட்டு சிந்தினவன் இல்ல நான்" என்றார்.

"நான் வந்து சரின்னு சொல்லியிருந்தா நீங்க மூடியிருப்பீங்க. பாதி என் தப்பு. மெதுவாப் பேசுங்க, உள்ள இருக்கா" என்றாள் அவள்.

உள்ளே போய்ப் பார்த்தால் விளக்கு ஒன்று எரிந்தது. அதுவும் எரிவதா வேண்டாமா என்று மினுக்கியது. பம்ப் வேகமாக ஏற்றியதில், வால்வு விட்டது போக இவ்வளவாவது தங்கியிருக்கிறது. மறுபடி பங்க்குக்குப் போகலாம் என்றால் காலைக் கூட்டம் தொடங்கிவிட்டது. மேனேஜர் முகம் சுளிப்பார். அது போகட்டும், காலையில்தானே கொண்டுவந்தீர்கள், மறுபடி எங்கே போகிறீர்கள் என்று மகள் கேட்டால் என்ன சொல்வது? விடிந்தால் புது லோடு வந்துவிடும், அதன்பிறகு மகள் ரயிலேறிவிடுவாள். அதுவரை ஒரு பகலையும் ஒரு ராத்திரியையும் தள்ளிவிட்டால் போதும் என்று இருவரும் பிக்கப் வண்டிக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்து முடிவு செய்தார்கள். கல்யாணமான புதிதில்கூட இவர்கள் இப்படிக் கிசுகிசுத்ததில்லை.

அன்று பகல் தையல்காரம்மா செய்த சமையலுக்கு ஈடு இணை கிடையாது. முட்டையைப் பொரித்தாள், ரொட்டியைச் சுட்டாள், தக்காளியை ஈரத்துணியால் துடைத்து அரிந்தாள். தட்டுக்குப் பதில் காகிதம் விரித்தாள்; வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டால் இதுதான் அழகு என்றாள். மகள் கை கழுவப் போகும்போதெல்லாம் அப்பா ஏதாவது ஒன்றைக் காட்டக் கூப்பிட்டார். சூரியத் தகட்டைக் காட்டினார், பாக்டரிக்குள் கிடந்த துருப்பிடித்த ஐஸ் அச்சுகளைக் காட்டினார், செப்புக் கம்பி எதற்கு என்று விளக்கினார். இவ்வளவு பேசுகிற அப்பாவை மகள் பார்த்ததே இல்லை. அவளுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. வினை அதில்தான் வந்தது. பாக்டரிக்குள் சுற்றியதில் ஒட்டடையும் துருவும் தலையெல்லாம் அப்பிக்கொண்டன. பொழுது சாயும் நேரத்தில், தலைக்குக் குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டாள்.

காலையில குளிச்சுக்கலாமே, குளிருமே, ஈரத்தலையோட படுத்தா சளி பிடிக்குமே என்று அம்மா சொல்லாத சாக்கு இல்லை. மகள் கேட்கிற ரகமில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. இருவரும் அடுப்புப் பக்கத்தில் நின்று அந்த ஒற்றை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மினுக்கியது. மினுக்கி அணைந்தது. உள்ளே குழாய் ஒரு தடவை செருமி, காற்றை விட்டு நின்றது.

"அம்மா" என்றாள் மகள் உள்ளேயிருந்து. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா" என்றாள்.

துண்டைச் சுற்றி, மேலே ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை நிறைய ஷாம்பு நுரையோடு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வெளியே வந்தாள். குடிப்பதற்கென்று ஒரு கேன் தண்ணீர் எப்போதும் தனியாக இருக்கும். அதில் பாதி இருந்தது. தையல்காரம்மா அதைத் தூக்கிக்கொண்டு, மகளைக் கைப்பிடித்து இறக்கி, கேரவன் படியில் உட்கார வைத்துத் தலையைக் குனியச் சொன்னாள். டம்ளரில் மொண்டு மொண்டு ஊற்றி, விரலால் நுரையை வழித்தாள். ஒரு டம்ளரில் எவ்வளவு அலச முடியும் என்று அவள் கைக்குத் தெரியும். சின்ன வயதில் இந்தத் தலைக்கு இப்படி ஊற்றியபோது தண்ணீரை அளந்ததில்லை.

டேங்கர்காரர் கொஞ்சம் தள்ளி நின்றார். யாரும் கேட்காமலேயே சொன்னார். காலையில் வால்வை மூட மறந்ததையும், லோடு மொத்தமும் ஜல்லிக்குள் போனதையும், பகலெல்லாம் நடித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மகள் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"குடிக்கிற தண்ணியில என் தலையை அலசுறீங்க" என்றாள். "நாளைக்கு உங்க ரெண்டு பேருல ஒருத்தருக்கு உடம்பு முடியலன்னா யாரு போய்த் தண்ணி கொண்டாருவா? சொன்னபடி கேளும்மா. காலையில என் கூடக் கிளம்பு."

அவர் ஜல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவ சொல்றது சரிதான்" என்றார் மனைவியிடம். "நீ போ. காலையில பாப்பாவோட பேசும்போது உன் மூஞ்சியைப் பாத்தேன். நீ அப்படிச் சிரிச்சு நான் பாத்து நாளாச்சு. எனக்காக இங்க கிடக்காத. நீ போ."

தையல்காரம்மாவின் கை நின்றுவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தது. மகள் மீது வராத கோபம் அவர் மீது வந்தது. டம்ளரைக் கேனின் மூடிமேல் வைத்தாள்.

"குவார்ட்டர்ஸ்ல குழாயைத் திறந்தா தண்ணி வந்துச்சு" என்றாள் மகளிடம். "ஒரு நாள் நின்னதில்ல. உங்க அப்பாதான் வரல. மாசத்துல நாலு நாள் வருவாரு, அதுல பாதி தூங்குவாரு. உனக்கு அம்மை போட்டப்ப வரல, உங்க அண்ணன் கையை உடைச்சுக்கிட்டப்ப வரல. லோடு, லோடுன்னு ஓடிக்கிட்டிருந்தாரு. நான் குறை சொல்லல, அதுலதான் சாப்பிட்டோம். ஆனா நான் இந்த மனுஷன் கூடக் குடும்பம் நடத்தினது இந்த ஏழெட்டு மாசமாத்தான். தண்ணி இல்லேன்னா போய்க் கொண்டாந்துக்கலாம். அதைத்தான் பாத்துக்கிட்டே இருக்கேனே."

பிறகு கணவரைப் பார்த்துத் திரும்பினாள். "பேத்தியைப் பாத்தா சிரிப்பு வராம என்ன பண்ணும்? அதுக்குன்னு என்னைப் போகச் சொல்வீங்களா? இன்னொரு தடவை அந்த வார்த்தை உங்க வாயிலருந்து வரக்கூடாது."

டேங்கர்காரர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைத்துக்கொள்ளாமல். மகள் குனிந்தபடியே கையை நீட்டி டம்ளரைத் தேடி எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா மிச்ச நுரையை அலசினாள். அன்று ராத்திரி மூன்று பேரும் ஆளுக்கு அரை டம்ளர் குடித்துவிட்டுப் படுத்தார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், மகள் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, இவர்களும் எடுக்கவில்லை. தையல்காரம்மா தன் பெட்டியை எங்கே வைத்தோம் என்று இருட்டில் யோசித்துக்கொண்டு கிடந்தாள்.

காலையில் எழுந்து பார்த்தால் பிக்கப் வண்டி இல்லை. அவரும் இல்லை, மகளும் இல்லை. இருவரும் திரும்பி வந்தபோது பை நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. அப்பா முகம் சுண்டிப் போயிருந்தது. வழிநெடுக இன்ஸ்பெக்டர் ஏச்சு என்று மனைவியிடம் முறையிட்டார். ஹோஸ் முனையைத் தரையில் போட்டது தப்பு, அதற்கு மூடி இல்லாதது தப்பு, பையைக் கழுவிய தேதி தெரியாதது தப்பு. பங்க் மேனேஜர் முன்னாலேயே சொல்லிவிட்டாளாம். இந்த லட்சணத்தில் ஹோட்டல் நடத்தியிருந்தால் இழுத்து மூடியிருப்பாளாம். தையல்காரம்மாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மகளின் பை படியோரம் கட்டித் தயாராக இருந்தது. தன் பெட்டியையும் எடுக்கச் சொல்வாளா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பி செருகப்பட்டது, கட்டைகள் வைக்கப்பட்டன. மகளின் கைபேசியும் மதில்மேல் போய் உட்கார்ந்தது. அவர் அந்தப் பக்கம் போய் வால்வைத் திறந்து வாளியைப் பிடித்தார். இந்தத் தடவை கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தையல்காரம்மா குனிந்து பார்த்தாள். ஏற்கெனவே காலியான டேங்கில் காட்ட என்ன இருக்கிறது, இருந்தாலும் பார்த்தாள். "சரி" என்றாள். அவர் மூடினார்.

"தள்ளுங்க" என்றாள் மகள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கேரவனுக்கு அடியில் தவழ்ந்து போனாள். கையில் சின்னதாக ஒரு புட்டி. வேலை நாளில் அவள் நகத்தில் சாயம் பூசக் கூடாது. லீவு நாளில் பூசிக்கொள்ள ஒரு சிவப்புப் புட்டியைப் பையில் வைத்திருப்பாள். அதைத் திறந்து, மூடிய வால்வின் கைப்பிடியிலிருந்து குழாய்வரை ஒரே கோடாக இழுத்தாள். காயட்டும் என்று ஊதினாள். மேலே இன்னொரு பூச்சுப் பூசினாள்.

"இந்தக் கோடு ஒண்ணா நேரா இருந்தா மூடியிருக்குன்னு அர்த்தம்" என்றாள் அடியிலிருந்தபடியே. "யாரும் வந்து சரி சொல்லணும்னு காத்திருக்க வேணாம். அழிஞ்சு போச்சுன்னா சொல்லுங்க, நான் வர்றப்ப திரும்பப் போட்டுத் தர்றேன்."

தையல்காரம்மா ஜல்லியில் உட்கார்ந்துவிட்டாள். காலி செய்யப் போகிற வீட்டு வால்வுக்கு யாரும் இரண்டு பூச்சுப் பூச மாட்டார்கள். கணவரைப் பார்த்தாள். அவருக்கு இன்னும் விளங்கவில்லை. கோடு நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் வெளியே வரவில்லை. வெளிச்சம் படாத அந்த இடத்தில் மல்லாந்து கிடந்தபடியே புட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"அம்மா" என்றாள். "உனக்கு வாங்கின கட்டில்ல இனிமே பாப்பா படுத்துக்கட்டும்."

டேங்கர்காரர் நிமிர்ந்தார். ஹோஸை எடுக்கப் போனவர் பாதியில் நின்று, மனைவியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். அவர் போய் பம்ப்பை ஓடவிட்டார். லோடு ஏற ஆரம்பித்தது. மூன்று பேரும் அந்தப் பக்கமாகவே உட்கார்ந்து, முழுசாக ஏறி முடிகிறவரை, சொட்டாத வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.